பைண்டர்: காலியிடம் ஒன்று

ஜூன் 4

தம்பிக்கு,

இதைக் கடையிலேயே வைத்துப் படி. வீட்டுக்குக் கொண்டுபோகாதே. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதற்குள் அம்மா எடுத்துவிடுகிறாள். தப்பித்தவறி நீ எடுத்தாலும் ஸ்பீக்கரில் போடு என்கிறாள். அவளை வைத்துக்கொண்டு பேசக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால்தான் கடை முகவரிக்குக் கடிதம்.

கல்லூரியில் இந்த ஆண்டுக்கான பட்டியலை நேற்று ஒட்டினார்கள். மணிக்கணக்கு விரிவுரையாளர்கள் பதினொரு பேர். என் பெயர் இல்லை. ஆறு வருடமாக ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்ப்பேன். இந்தத் தடவை விரல் தாளைத் தாண்டிப் போய்விட்டது. யார் மேலும் குற்றம் இல்லை. பொருளாதாரம் எடுக்கும் மாணவர்கள் குறைந்துவிட்டார்களாம். துறைத்தலைவர் நல்ல மனிதர். "நீங்க வேற எங்கயாவது பாருங்களேன், உங்க தகுதிக்கு..." என்று ஆரம்பித்து, முடிக்க வழி தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

வேறு எங்கே? போன வருடமே பள்ளிக்கூடம், வங்கி, பதிப்பகம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாரும் எழுந்து நின்று மரியாதையாக உட்காரச் சொல்வார்கள். எல்லாரும் ஒரே வசனம்: உங்கள் படிப்புக்கு இது சின்ன வேலை மேடம். சின்ன வேலையைச் செய்யத் தயாராக ஒருத்தி நிற்கிறாள் என்று நம்புவதற்கு ஆள் இல்லை.

அதே பலகையில், எங்கள் பட்டியலுக்குக் கீழே, இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. பல்கலைக்கழக நூலகம். பைண்டர். காலியிடம்: ஒன்று. நிரந்தரம். கல்வித்தகுதி எட்டாம் வகுப்பு. ஐந்து ஆண்டு அனுபவம். செய்முறைத் தேர்வு உண்டு. நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை.

இதோடு ஓர் அனுபவச் சான்றிதழ் எழுதி வைத்திருக்கிறேன். உன் கடையில் நான் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்ததாக. உன் கடைத் தாளில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பு. ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. விண்ணப்பத்தில் படிப்பு என்ற இடத்தில் எட்டாம் வகுப்பு என்று மட்டும் எழுதப்போகிறேன். அது பொய் இல்லை. எட்டாம் வகுப்பு நான் பாஸ்தான்.

சிரிக்காதே.

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

சிரிக்காதே என்று எழுதியிருந்தாய். அந்த வரி வருவதற்கு முன்பே சிரித்து முடித்துவிட்டேன். அப்புறம் இரண்டாவது தடவை படித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மூன்றாவது தடவை படித்தபோது பசைக்கிண்ணத்தில் கையை விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடத் தெரியாமல், மூன்று வயது சின்னவனான என்னிடம் கொடுத்து அழுதவள் நீ. உன் ஆராய்ச்சிப் புத்தகம் எட்டுப் பிரதிக்கும் நான்தான் அட்டை கட்டினேன். தங்க எழுத்தில் உன் பெயரைப் பதித்தபோது முதல் பிரதியில் ஓர் எழுத்து கோணியது. அதை நீ பார்க்காமல் நானே வைத்துக்கொண்டேன். அந்தப் பெயருக்குப் பைண்டிங் அனுபவச் சான்றிதழ் எழுதச் சொல்கிறாய்.

சரி, சான்றிதழ் இருக்கிறது இதோடு. நீ சொன்னபடி எழுத்து மாற்றவில்லை. ஆனால் அக்கா, அனுபவச் சான்றிதழுக்கு அடிக்குறிப்பு போடும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. 'பணி' என்ற சொல்லுக்கு மேலே குட்டியாக ஒன்று என்று போட்டு, கீழே கோடு கிழித்து, 'இங்குப் பணி என்பது தையல், ஒட்டுதல், அட்டை கட்டுதல் ஆகிய மூன்றையும் குறிக்கும்' என்று எழுதியிருக்கிறாய். எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். படித்தவள் ஏதோ காரணமாகத்தான் போட்டிருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

நேராகவே கேட்கிறேன். என் கடை இருக்கிறதே. ஆறு தெரு தாண்டியும் ஆட்கள் வருகிறார்கள். இந்த மாதம் ஆராய்ச்சி மாணவர்கள் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். ஒற்றை ஆளாகத் திண்டாடுகிறேன். இங்கே வந்து உட்கார்ந்தால் என்ன? அம்மாவிடம் சொல்ல ஒரு கதை பண்ணிக்கொள்ளலாம். அவள் கீழ் வீட்டு டெய்லரம்மாவிடம் 'எம் பொண்ணு பெரிய காலேஜ்ல' என்று ஆரம்பித்தால் நான் வெளியே போய்விடுகிறேன்.

அந்த நூலக வேலையைப் பற்றிக் காகிதக் கடைக்காரர் எனக்கும் சொன்னார். அதைப் பற்றி ஒன்று எழுத நினைத்தேன். இப்போது வேண்டாம். தபால்காரர் நிற்கிறார்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். செய்முறைத் தேர்வு ஜூலை இருபது. ஒரு பழைய புத்தகத்தைப் பிரித்துக் கொடுப்பார்களாம். மூன்று மணி நேரத்தில் தைத்து, ஒட்டி, அட்டை கட்டித் தர வேண்டும். நீ சொல்லிக்கொடு. கடிதத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது என்று சொல்லாதே. நான் முதுகலையே தபாலில்தான் படித்தேன்.

கடைக்கு வா என்கிறாய். யோசித்தேன். உன் கடையில் நான் முதலாளியின் அக்கா. வருகிறவர்கள் எல்லாம் ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களில் பாதிப் பேர் இந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், என்னிடம் படித்தவர்களாக இருப்பார்கள். 'மேடம், நீங்க இங்கயா?' என்று ஒருவர் கேட்டால்கூட அன்றைக்குச் சோறு இறங்காது. நூலகத்தில் அடித்தளத்து அறை. ஜன்னல்கூட மேலே இருக்கிறது. அங்கே என்னைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சுயதொழில் செய்பவர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் உட்கார்ந்து பேசி ஆராய்ச்சி பண்ணியவள் நான். அதில் ஒருவர்கூட நிம்மதியாக உட்கார்ந்து எனக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு கண் என் மேல், ஒரு கண் வாசல் மேல். எனக்கு அது வேண்டாம். அடுத்த ஜூன் மாதமும் அங்கேயே இருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அவ்வளவுதான் நான் கேட்பது.

அடிக்குறிப்பு தேவைதான். பணி என்றால் கடையைக் கூட்டுவதும் பணிதானே என்று யாராவது கேட்டால்?

ஊசி எந்த அளவு?

அக்கா


ஜூன் 27

அக்காவுக்கு,

பாடம் ஒன்று. ஊசி தடியாக இருந்தால் துளை கிழியும். நடுத்தரம் போதும். நூலை மெழுகுக் கட்டியில் இரண்டு தடவை இழுத்துக்கொள். இல்லாவிட்டால் நடுவில் சிக்கிக்கொண்டு உன்னை அழவைக்கும்.

நான் உன் புத்தகத்துக்குப் போட்டது போன்ற பைண்டிங் அங்கே போதாது. ஆராய்ச்சிப் புத்தகம் தனித்தனித் தாள். பக்கவாட்டில் துளை போட்டுத் தைத்துவிடலாம். நூலகப் புத்தகம் அப்படி இல்லை. நாலு தாளை ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கம். அதற்குப் பாரம் என்று பெயர். பாரத்தின் மடிப்புக்குள் தைக்க வேண்டும். கடைசித் துளைக்கு வந்ததும் ஊசியைக் கீழே இருக்கும் பாரத்தின் நூலுக்குள் நுழைத்து ஒரு முடிச்சு. அந்த முடிச்சுத்தான் பாரங்களை ஒன்றோடு ஒன்று பிடித்து வைக்கிறது. இறுக்கி இழுத்தால் காகிதம் கிழியும். தளர்த்தினால் புத்தகம் தொங்கும். எவ்வளவு என்று எழுதத் தெரியவில்லை. கைக்குத்தான் தெரியும்.

பசைக்கு மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடு. பூச்சி வராது. அந்தக் கையோடு எதையும் வாயில் வைக்காதே. அட்டையில் நார் ஓடும் திசை ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் வளைத்துப் பார். எந்தப் பக்கம் சுலபமாக வளைகிறதோ அதுதான் புத்தகத்தின் முதுகோடு போக வேண்டும். மாற்றி ஒட்டினால் காய்ந்ததும் அட்டை அப்பளமாகச் சுருண்டுவிடும்.

பாடம் முடிந்தது. இனி என் விஷயம்.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். ஞாபகம் இருக்கிறதா? நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம். 'பதிலாளர் 47, பைண்டிங் கடை, வயது 26.' எட்டுப் பிரதியையும் கட்டியவன் நான். பசை காயும் வரை என்ன செய்வது, படித்தேன். 'தொழிலுக்கு வந்த காரணம்' என்ற இடத்தில் எனக்கு 'வேறு வழியின்றி' என்று போட்டிருக்கிறாய். நீ கேட்ட அன்று நான் என்ன சொன்னேன்? விருப்பம் என்றுதானே சொன்னேன்? பன்னிரண்டாவது பெயிலாகி வேலைக்குப் போக முடியாதவன் என்று நீயாகவே முடிவு பண்ணிவிட்டாயா?

ஆறு வருடமாகக் கேட்கவில்லை. பெரிய படிப்பில் நாம் மூக்கை நுழைக்கக்கூடாது என்று இருந்தேன். இப்போது நீயே என் தொழிலுக்குள் வருகிறாய். அதனால் கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாள் முழுக்க ஊசியைத் தொடவில்லை.

ஆமாம். நான்தான் மாற்றிப் போட்டேன். நீ 'விருப்பம்தான்' என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்தில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டில் எல்லாரும் உன்னைப் பற்றிப் பேசியது காதில் இருந்தது. பெயிலானதும் நீ மூன்று நாள் மாடியைவிட்டு இறங்காமல் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். பதிலைவிட எனக்குத் தெரிந்ததுதான் உண்மை என்று நினைத்துவிட்டேன். ஆராய்ச்சியில் இது தப்பு. பெரிய தப்பு. மாணவர்களுக்கு ஆறு வருடமாக இதைச் செய்யாதே என்றுதான் சொல்லிக்கொடுத்தேன்.

மன்னித்துக்கொள் என்று எழுதி அடித்துவிட்டேன். இன்னொரு தடவை எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளைத் தாளில் தைத்துப் பழகினேன். முதல் இரண்டும் குப்பை. மூன்றாவதில் பசையை மூட மறந்து எறும்புக்கு விருந்து வைத்தேன். ஆறாவது நேற்றுக் காலையில் முடிந்தது. திறந்தால் மேஜைமேல் தட்டையாக விரிகிறது. உள்ளே ஒன்றும் இல்லாத புத்தகம். அதை மடியில் வைத்துக்கொண்டு, திறந்து மூடி, திறந்து மூடி, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பட்டம் வாங்கிய அன்றுகூட இப்படி இருக்கவில்லை. இது என்ன கிறுக்கு?

இன்று துறைத்தலைவர் போன் பண்ணினார். ஒருவர் வெளிநாடு போகிறாராம். ஆகஸ்டில் வாரத்துக்கு நாலு மணி நேரம் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்றார். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்றே தெரியவில்லை. எதற்கு ஆசைப்படுகிறேன் என்று என்னைக் கேட்டால் எந்தக் கட்டத்தில் டிக் போடுவேன்? மண்டை காய்கிறது.

அக்கா


ஜூலை 21

நீ ஏன் அங்கே இருந்தாய்?

நேற்று நூலக வராந்தாவில் அறுபத்து நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேரின் நகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பசையைத் தொட்டதே இல்லை என்று. என் பக்கத்தில் இருந்தவள் அறிவிப்புத் தாளில் இருந்த சந்திப்பிழையைப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரில் ஒருவர் 'தாங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்' என்று என்னைக் கேட்டுவிட்டு, சுதாரித்துக்கொண்டு, 'எங்கேர்ந்து வரீங்க' என்று மாற்றினார். நானும் என் பங்குக்கு 'ந்தா, அப்டி போய் குந்துங்க' என்று ஏதோ உளறினேன். எல்லாரும் எட்டாம் வகுப்பு. எல்லாரும் நடிப்பு.

அப்புறம் ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டார்கள். தோளில் கருவிப் பையோடு நீ எழுந்தாய்.

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். கண்டும் காணாமல் திரும்பிக்கொண்டோம். நல்லவேளை, சேர்ந்து பழகிய திருட்டுத்தனம் சின்ன வயதிலேயே உண்டு.

மூன்று மணி நேரத்தில் முடித்தேன். தையலில் இரண்டு இடம் தளர்ந்தது. மேற்பார்வைக்கு இருந்த நூலகர் என் மேஜைக்கு வந்து நின்றார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த சான்றிதழைப் பார்த்தார். அடிக்குறிப்பில் விரலை வைத்து, "இத யாரும்மா எழுதினா?" என்றார். கடைக்காரர் என்றேன். அவர் கடையின் பெயரைப் படித்தார். பட்டியலைப் புரட்டினார். அறைக்கு அந்தப் பக்கம் இருந்த உன்னைக் கூப்பிட்டார்.

நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் இருக்கிறது. "பாத்தாங்க சார், அஞ்சு வருஷம். கை நல்லா ஓடும்" என்றாய். பொய்யை இவ்வளவு கூசாமல் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. "சொந்தக் கடை வச்சிருக்கீங்க, இங்க எதுக்கு?" என்று கேட்டார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "வேற வழி இல்ல சார்."

அதற்காகத்தானே என் மேல் கோபப்பட்டாய்? எந்தப் பதில் உண்மை? எனக்குத் தையல் சொல்லிக்கொடுத்தபோதே நீயும் விண்ணப்பம் போட்டிருந்தாயா? போட்டிக்கு வருகிறவளுக்கா முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தாய்?

வாசலில் உனக்காகக் காத்திருந்தேன். பின் வழியாகப் போய்விட்டாய்.


ஜூலை 28

அக்காவுக்கு,

ஆமாம், பின் வழியாகத்தான் போனேன். உன் முகத்தைப் பார்க்கத் தெம்பு இல்லை.

மே மாதமே விண்ணப்பம் போட்டுவிட்டேன். உன் முதல் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னால். காகிதக் கடைக்காரர்தான் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். உன் கடிதம் வந்ததும் வாபஸ் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன். வாங்கவில்லை. உன்னிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவும் இல்லை. தியாகி வேஷம் எனக்குப் பொருந்தாது. எனக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது. நன்றாகச் சொல்லிக்கொடுத்தேனா என்று கேட்டால், நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒளித்து வைக்க மனசு வரவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே குழப்பமாக இருக்கிறது.

எந்தப் பதில் உண்மை என்று கேட்டாய். இரண்டும். இருபத்தாறு வயதில் நீ கேட்டபோது விருப்பம்தான். வாசல் கதவைத் திறந்து, முதல் கட்டைப் பிரித்து, என் கையால் ஒரு பொருளை முழுசாக முடித்துக் கொடுப்பது எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது. ஆனால் போன வருடம் கட்டிங் மெஷினில் மணிக்கட்டு மாட்டி, ஏழு வாரம் கட்டுப் போட்டிருந்தேனே, அப்போது கடை பூட்டிக் கிடந்தது. அம்மாவிடம் எதிர் வரிசைக் கடைக்காரர் 'கடைய மூடிட்டாங்களா?' என்று கேட்டாராம். கட்டுப் பிரித்த அன்றே போய்த் திறந்தேன். முதுகு வலிக்கிறது, திறக்கிறேன். காய்ச்சல், திறக்கிறேன். அந்த ஏழு வாரத்தைத் தவிர, ஒன்பது வருடமாக ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. யாரிடம் எழுதிக் கொடுத்து எடுப்பது? நான்தான் முதலாளி. இந்தக் கல்நெஞ்சுக்காரனிடம் லீவு கேட்டால் தரமாட்டான்.

அந்த அறிவிப்பில் உனக்கு நிரந்தரம் என்ற சொல் கண்ணில் பட்டது. எனக்கு 'விடுப்பு விதிகளின்படி' என்ற வரி.

நீ இருக்கும் ஊர்தானே, கிடைத்தால் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம் என்று வேறு கணக்குப் போட்டேன்.

உன் புத்தகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். தையல் கோணல். அட்டை சுருளவில்லை.

தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

எனக்குப் பதில் வந்துவிட்டது. நிராகரிப்பு. காரணத்தைப் படித்துவிட்டு அழவா சிரிக்கவா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

அந்த அடிக்குறிப்பு நூலகரைத் தூங்கவிடவில்லை போலிருக்கிறது. பைண்டர் ஒருத்தி இப்படி எழுத மாட்டாள் என்று, என் பெயரை நூலகத்தின் புத்தகப் பட்டியலில் போட்டுத் தேடியிருக்கிறார். இரண்டாம் மாடி, பொருளாதாரம், ஆய்வேடுகள், நாலாவது தட்டு. நான் இருக்கிறேன். அந்த எண்ணையே போட்டு, படிப்பை மறைத்ததாக எழுதியிருக்கிறார். பட்டம் தரும்போது ஒரு பிரதியை நூலகத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. நானே கையால் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது வாங்கி வந்தேன். எந்தக் கட்டடத்தில் என் படிப்பை மறைக்கப் போனேனோ, அதே கட்டடத்தின் மாடியில் அது தங்க எழுத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அட்டை கட்டியவன் நீ. வைத்தவள் நான். இருவருக்கும் ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையே!

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோபம் பாதி போய்விட்டது. எனக்கு வரவில்லை என்று ஆனபின் உனக்காவது வரட்டும் என்று நினைக்கிறேன். உண்மையைச் சொன்னால் பொறாமையும் இருக்கிறது. வந்தால் உடனே எழுது. இங்கே வீடு பார்க்கிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 14

எனக்கு இன்று பதில் வந்தது.

செய்முறைத் தேர்வில் முதல் இடம். அடுத்த வரியில், பொய்யான அனுபவச் சான்றிதழ் வழங்கியதால் தகுதி நீக்கம்.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே.


ஆகஸ்ட் 22

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன் கடிதம் வந்தபோது நான் உண்மையிலேயே உங்கள் இருவருக்கும் வீடு பார்த்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நூலகரிடம் போனேன். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். சான்றிதழை எழுதியவள் நான், கேட்டு வாங்கியவள் நான், அவன் என் தம்பி, சின்ன வயதிலிருந்து நான் சொன்னதை மாற்றாமல் செய்கிறவன், தண்டனையை எனக்குக் கொடுங்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "கையெழுத்து அவருதானே மேடம்?" என்றார். மேடம் என்றார். அங்கேயே எனக்குப் புரிந்துவிட்டது. என்னை மேடம் என்று அழைக்கிறவர்களால் எனக்கு எதுவும் செய்ய முடிந்ததே இல்லை.

நான் ஒரு வேலையைத்தான் கேட்டேன். உன்னுடையதைப் பறிப்பேன் என்று நினைக்கவில்லை. உன் ஒன்பது வருடத்து உழைப்பையும் முதல் இடத்தையும் என் ஒரு தாள் தின்றுவிட்டது. படித்தவளின் ஆணவம் அதில் இருந்தது. என் வாக்கியம் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். உன் கையெழுத்தின் கனம் எனக்குத் தெரியவில்லை.

துறைத்தலைவர் நாலு மணி நேர வகுப்பு உறுதி என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீராப்பில் இல்லை. ஊருக்கு வருகிறேன். கடையில் உட்கார்கிறேன். என்னிடம் படித்தவர்கள் வந்து கேட்டால் கேட்கட்டும், பதில் சொல்லிக்கொள்கிறேன். இது பரிகாரமா, எனக்குப் பிடித்துப்போய் வருகிறேனா, போக்கிடம் இல்லாமல் வருகிறேனா என்று கேட்காதே. நானே பிரித்துப் பார்த்துத் தோற்றுவிட்டேன்.

வரலாமா என்று மட்டும் சொல்.

அக்கா


செப்டம்பர் 9

அக்காவுக்கு,

பதினெட்டு நாள் பதில் போடவில்லை. வேண்டுமென்றேதான். உன் கடிதத்தை எடுத்தால் கோபம் வருகிறது, வைத்தால் உன் செருப்பு ஞாபகம் வருகிறது.

நூலக வேலைக்கு மறுபடியும் அறிவிப்பு வந்திருக்கிறது. காகிதக் கடைக்காரர் கொண்டுவந்தார். பைண்டர், காலியிடம் ஒன்று, நிரந்தரம். கல்வித்தகுதி: ஏதாவது ஒரு பட்டம்.

அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு நடை போய்க் கேட்டேன். நூலகர் இல்லை, எழுத்தர்தான் இருந்தார். "போன தடவ வந்தவங்கள்ல பாதிக்குமேல டிகிரி முடிச்சவங்க. அதனால தகுதியவே ஏத்திட்டாங்க" என்றார். முதல் இடம் வந்தவன் நான்தான் என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றார். சொன்னேன். பாவம் என்பதுபோல ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நான் பன்னிரண்டாவதை எழுதி, பட்டம் முடிக்க நாலு வருடம் ஆகும். அதற்குள் உன்னைப் போல நாலு பேர் வந்து, நூலகத்தில் முதுகலை கேட்பார்கள். துரத்திக்கொண்டு ஓட எனக்கு மூச்சு இல்லை. உனக்கு எட்டாத அளவு கீழே இருந்த வேலை, எனக்கு எட்டாத அளவு மேலே போய்விட்டது. நடுவில் அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது. வராந்தாவில் முதுகு பிய்ந்த புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். போகிற போக்கில் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அரை நாள் வேலை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சான்றிதழ், தேர்வு, ஒன்றையும் விடவில்லை. அவள் அரிந்துகொண்டிருந்த காயைத் தள்ளி வைத்தாள். அப்புறம், "ரெண்டு பேரும் ஒரே வேலைக்கா போனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் டெய்லரம்மாவிடம் நீ வருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். என்ன வேலைக்கு வருகிறாய் என்று அவளும் சொல்லவில்லை, டெய்லரம்மாவும் கேட்கவில்லை.

கோபம் இன்னும் இருக்கிறது. அது தீர்ந்த பிறகு வா என்றால் எப்போது தீரும் என்று எனக்கே தெரியாது. அதனால் இப்போதே வா. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறு. கடைச் சாவியை அம்மாவிடம் கொடுத்து வைக்கிறேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நீ திற. இரண்டு ஆராய்ச்சிப் புத்தகம் கட்ட வேண்டும், அட்டை வெட்டி வைத்திருக்கிறேன். மெஷினைத் தொடாதே. யாராவது அடையாளம் கண்டு மேடம் என்றால், சொல்ல வேண்டியதைச் சொல். நீ டாக்டர் என்பதை மறைக்காதே. இங்கே அதற்குத் தடை இல்லை.

அன்றைக்கு நான் வரமாட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சும்மா படுத்திருக்கப் போகிறேன்.

தம்பி